ஓஸ்தாப் உதைத்த பந்து

ஓஸ்தாப் என்ற உக்ரைன்காரன் இடது ஓரமாக ஓடிப் போய், கோலுக்கு முன்னால் நிற்கிற ஆளைக் குறிவைத்துத் தூக்கி அடிக்கிற பந்து, அடித்த அன்று கீழே வராது. சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்கு இடதுகைப் பழக்கம், அவனுக்கு இது. தரையோடு தரையாகத் தள்ளிவிட்டால் எல்லோருடைய பந்தையும் போல ஒழுங்காக உருண்டு போகும், அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் விங்கில் ஆடுகிறவனுக்குப் பிழைப்பே தூக்கி அடிப்பதுதான் என்பதால் அவன் தூக்கித்தான் அடித்தான், பந்து ஏறும், ஏறி மேகத்துக்குள் போகும், அப்புறம் அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ தனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது, உதைத்த அதே மைதானத்தில் வந்து இறங்கும்.

முதல் பந்தை அவன் பதினேழு வயதில் உதைத்தான். அவன் பிறந்த ஊர் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே இருந்தது. பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை காய்ச்சுகிற ஆலை ஒன்றும், ஆலைக்கென்று ஒரு கால்பந்து அணியும், அணிக்கென்று ஒரு பக்கம் சரிந்த மைதானமும் அங்கே உண்டு. பந்து மேலே போனது, எல்லோரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்து வலித்ததும் குனிந்துகொண்டார்கள், நடுவர் வேறு பந்தைக் கொடுத்தார், அப்படியே இன்னும் ஒரு டஜன் பந்து போன பிறகு பயிற்சியாளர் அவனைத் துறைமுக நகரத்து அணி ஒன்றுக்குத் தள்ளிவிட்டார். அவன் போய் மறு வசந்தத்தில், ஆலை அணி தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில், உறைபனி ஒட்டிய பந்து ஒன்று மேலிருந்து வந்து கோலுக்கு முன்னால் இறங்க, அங்கே நின்றவன் தலையைக் கொடுக்க, கோல் விழுந்தது. காலில் உருண்டுகொண்டிருந்த பந்து செல்லுமா, மேலிருந்து வந்த பந்து செல்லுமா என்று தகராறு வந்தபோது, மேலிருந்து வந்ததுதான் மூத்த பந்து, அதற்குத்தான் முதல் உரிமை என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். தோற்ற அணிக்காரர்கள்கூட அதில் நியாயம் இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கிளப்புகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஓஸ்தாப்பை வாங்கு, ஒரு பருவம் முழுக்க மேலே மேலே அடிக்க விடு, அடித்து முடித்ததும் அவனை விற்றுவிட்டு, விதைத்துவிட்டு வரப்பில் உட்காருகிறவனைப் போல உட்கார்ந்திரு. துறைமுக அணி அப்படித்தான் அவன் போன பிறகு கோப்பை வாங்கியது, நிலக்கரிச் சுரங்க ஊர் அணி அவன் போன பிறகு மேல் டிவிஷனுக்கு ஏறியது, கஜகஸ்தானில் ஒரு கிளப் அவன் போன பிறகு அவன் படத்தை உணவு விடுதிச் சுவரில் மாட்டி மாலை போட்டது, சைப்ரஸில் அவன் பேரை ஒரு தெருவுக்கு வைத்தார்கள். அவன் இருக்கும்போது மட்டும் எந்த அணியும் ஜெயித்ததில்லை. கைதட்டல் எப்போதும் ஒரு ஊர் பின்னால் வந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் பஸ் ஏறியிருப்பான்.

ஆகவே, வாழ்க்கையில் எத்தனையோ பந்துகளை உதைத்த ஓஸ்தாப், தான் உதைத்த ஒரு பந்து இறங்குவதைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆலை மைதானத்தின் வேலியோரம் குடியிருந்த அவன் அம்மா போன் பண்ணி, "மகனே, இன்று காலை உன் பந்து ஒன்று விழுந்தது, வாத்துகள் பயந்துவிட்டன" என்று சொல்லுவாள். நல்ல பந்தா அம்மா என்று அவன் கேட்பான். எனக்கு என்ன தெரியும், வட்டமாகத்தான் இருந்தது என்பாள். பிறகு போர் வந்தது, ஆலை எரிந்தது, அம்மா போலந்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள், அந்த மைதானத்தில் மிச்சப் பந்துகள் இப்போது யாரும் இல்லாத இடத்தில் விழுந்துகொண்டிருக்கும் என்று நினைத்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரே ஒரு பந்து, தான் நின்று பார்க்கும்போது இறங்க வேண்டும், அது நல்ல பந்துதானா என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதுவரை ஆடுவது என்று முடிவு பண்ணியிருந்தான்.

கன்னியாகுமரிக் கடலோரத்தில் வெள்ளியந்துறை என்று ஓர் ஊர், அதற்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் கூட்டாந்துறை என்று ஓர் ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் மணல் மைதானம். வருஷா வருஷம் திருவிழாக் கோப்பையின் கடைசி ஆட்டம் இந்த இரண்டு ஊருக்கும்தான் நடக்கும், வேறு ஊர்க்காரர்கள் பயந்துபோய் அரையிறுதியிலேயே தோற்றுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரனை இறக்கிக்கொள்ளலாம் என்பது வழக்கம். அந்த வருஷம் வெள்ளியந்துறைக்காரர்கள் ஆள் தேட மறந்து திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள் என்பதால், தரகர் ஒருவர் கைவசம் இருந்த ஓஸ்தாப்பை ஆட்டம் முடியும் வரைக்கும் என்ற பேச்சில் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, முடிந்த கையோடு மாலத்தீவுக்குக் கொண்டுபோகிறேன், தயாராக இரு என்று சொல்லிப் போனார்.

இங்கே ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் மாட்டிக்கொண்டது. முன்னொரு காலத்தில், கூட்டாந்துறைக்காரன் அடித்த பந்து காற்றில் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவர் கடைசி விசிலை ஊதிவிட்டார். பந்து அப்புறம் கோலுக்குள்ளே போனது. செல்லும் என்றார்கள், செல்லாது என்றார்கள், ஆட்டத்தில் தொடங்கின அடிதடி கடலுக்குப் போயிற்று, வலை அறுந்தது, வள்ளம் எரிந்தது, இரண்டு வருஷம் ஒரு ஊர்ப் படகு போகிற பக்கம் மறு ஊர்ப் படகு போகவில்லை. கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பலிபீடத்துப் படியில் கையை வைத்துச் சத்தியம் செய்தார்கள்: பந்து அந்தரத்தில் இருக்கும்போது விசில் ஊதக் கூடாது, மீறினால் ஊதினவன் கையை எடுக்கலாம். இரண்டு ஊரும் கத்தோலிக்கர் ஆனதால் நடுவர் எந்தக் காலத்திலும் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி நாகர்கோவிலிலிருந்து வந்தவர்தான் ஞானாபரணம் என்ற உடற்கல்வி மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் மூச்சு விடுவதற்குக்கூட அனுமதி கேட்பார்கள்.

ஆட்டம் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனது. கடைசி நிமிஷத்தில்தான் இடது ஓரத்தில் ஓஸ்தாப்புக்கு முதல் முறையாகப் பந்து கிடைத்தது. கோலுக்கு முன்னால் வெள்ளியந்துறையின் சென்டர் பார்வர்டு ததேயுஸ், மூட்டு தேய்ந்தவன், எந்த இறுதி ஆட்டத்திலும் கோல் போடாதவன், இரண்டு கையையும் தூக்கி, "மக்கா, போடுலே!" என்று கத்தினான். அவனை ஒட்டிக்கொண்டு கூட்டாந்துறையின் தடுப்பாளன் ஸ்தனிஸ்லாஸ் நின்றான். ஓஸ்தாப் தூக்கி அடித்தான். பந்து ஏறியது, தென்னைக்கு மேலே, கோயில் கோபுரத்துக்கு மேலே, பருந்துக்கு மேலே ஏறிக் காணாமல் போனது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஞானாபரணம் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் எப்போதோ முடிந்திருந்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், இரண்டு ஊரும் அவர் கையைப் பார்த்தது, விசிலை இறக்கினார்.

"பந்து அந்தரத்துல நிக்கு," என்றார். "நான் ஊத மாட்டேன். ஆட்டம் நடக்கு."

வேறு பந்து கொடுத்து ஆடலாமே என்று யாரோ கேட்டதற்கு, மைதானத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு பந்துதான், ஏற்கெனவே ஒன்று ஆட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ததேயுஸ் ஆப்சைடு என்று கூட்டாந்துறைக்காரர்கள் கத்திப் பார்த்தார்கள். பந்தை உதைத்த நேரத்தில் அவன் ஆன்சைடு, இனி உலகம் அழிந்தாலும் ஆன்சைடுதான் என்றார் மாஸ்டர். மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? பொழுது சாய்ந்ததும் பெண்கள் கஞ்சியும் சுட்ட சாளை மீனும் கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே நின்றபடி உள்ளே நீட்டினார்கள். ஆட்டக்காரர்கள் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாளும் பந்து வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை, அந்த வருஷமும் வரவில்லை. ஊர் என்றால் எதற்கும் பழகிக்கொள்ளும். நடுவர் அனுமதியில்லாமல் ஆட்டக்காரன் மைதானத்தை விட்டுப் போகக் கூடாது, ஏழு பேருக்குக் குறைந்தால் அந்த அணி தோற்றதாக அர்த்தம் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு ஊரும் ஏழு பேரை மைதானத்தில் நிறுத்திக்கொண்டு நாலு பேரை முறைவைத்துக் கடலுக்கு அனுப்பியது. போகிறவன் மாஸ்டரிடம் வந்து, சார் போயிட்டு வாறேன் என்பான், அவர் தலையை ஆட்டுவார், திரும்பி வருகிறவன் கோட்டோரத்தில் நின்று அவர் கை காட்டிய பிறகு உள்ளே வருவான். நடு வட்டத்தில் நெத்திலி காயப் போட்டார்கள். பெனால்டி பகுதியில் கூடாது, நடு வட்டத்தில் போடலாம், விதியில் நெத்திலியைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்று மாஸ்டர் அனுமதித்தார். கூட்டாந்துறைக் கோல்கீப்பருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதைத் தள்ளிப்போட முடியாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள், அதனால் பெண் கோல் வலைக்கு வெளியேயும் மாப்பிள்ளை உள்ளேயும் சாமியார் கோட்டின் மேலேயும் நிற்க, வலைக் கண்ணிக்குள் கையை விட்டு அவன் தாலி கட்டினான். படம் எடுத்தவர் வலை தெரியாமல் எடுக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

மாவட்டச் சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்தார், விதிப் புத்தகத்தைப் பார்த்தார், வாளை மீன் குழம்பு சாப்பிட்டார், முறைப்படிதான் நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு காரியமும் நடந்தது. கடலில் வலை மேல் வலை விழுந்து இரண்டு ஊர்க்காரர்களும் துடுப்பை ஓங்கிக்கொண்டால், அதில் ஆட்டக்காரன் எவனாவது இருந்தால் கரைக்கு வந்ததும் மாஸ்டர் மஞ்சள் அட்டையைக் காட்டிவிடுவார், இரண்டாவது அட்டை சிவப்பு, சிவப்பு விழுந்தால் ஏழு பேர் கணக்கு இடிக்கும், ஆகவே ஓங்கின துடுப்பை இரண்டு பக்கமும் மெல்ல இறக்கிக்கொண்டார்கள். ஆட்டத்தை முன்னிட்டு வந்த இந்தச் சமாதானத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசினால் போய்விடுமோ என்று பயம்.

ஓஸ்தாப்புக்கு இடது கார்னர் கொடிப் பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். கிழிந்த வலையைப் பொத்தக் கற்றுக்கொண்டான். மரச்சீனிக் கிழங்கை முதலில் உருளைக்கிழங்கின் ஏழைச் சொந்தக்காரன் என்று நினைத்தவன், சூரை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டான். ததேயுஸின் பெண்டாட்டி பிரிஜித்தா மீன் விற்கிறவள், அவளுடைய வசவுகளிலிருந்துதான் அவன் தமிழ் படித்தான், ஆகவே கோபமாகப் பேசினால்தான் அவன் தமிழ் பிழையில்லாமல் வந்தது. அண்ணியை அந்த ஊரில் கூப்பிடுகிறபடி அவளை மைனி என்று கூப்பிட்டான். அவள் நாள்தோறும் கோட்டுக்கு வெளியே நின்று புருஷனைப் பார்த்து, "ஒரு பந்துக்கு இத்தன வருசமா வாயப் பொளந்துட்டு நிக்கிய, வீட்டுல ஓடு ஒழுகுகு, அந்தப் பந்து மட்டும் வரட்டு, மொதல்ல நான் அரிவாமணையில வச்சு ரெண்டாக் கீறுவேன்!" என்று சொல்லிவிட்டு, பிறகு ஓஸ்தாப்பின் தட்டில் ஒரு மீன் தலையைக் கூடுதலாக வைப்பாள். அவனுக்கு அந்த ஊரில் யாரும் மாலை போடவில்லை, தெருவுக்குப் பேர் வைக்கவில்லை. அவன் போன பிறகுதானே அதெல்லாம் செய்வார்கள், அவன் இங்கேதான் இருந்தான்.

ஆனாலும் அவன் கண் எந்நேரமும் மேலேதான். வலை பொத்தும்போது மேலே, சாப்பிடும்போது மேலே, கழுத்து ஒரு பக்கமாக இறுகிப்போய் பிரிஜித்தா கொடுத்த தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடியும் மேலே. ததேயுஸை விட்டு ஒரு கை தூரம் விலகாத ஸ்தனிஸ்லாஸ் ஒருநாள் கேட்டான்.

"என்னத்துக்கு ஓஸ்தாப்பண்ணே மேலயே பாத்துட்டு நிக்கிய? வாற நேரம் அது வரும்லா?"

"நான் உதைச்ச பந்து எறங்குகத நான் பாத்ததே இல்ல தம்பி. எல்லா ஊருலயும் என்ன முன்னாலயே அனுப்பிப் போட்டாவ. இங்கதான் ஆட்டம் முடியாம யாரும் போக முடியாது. பாத்துருவேன்."

ஸ்தனிஸ்லாஸ் தானும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். "அப்போ நீங்க போட்ட பந்து நல்லதா மோசமாங்கது ஒங்களுக்கே தெரியாது?"

"தெரியாது."

"கோல் போட்டாவல்லா?"

"மேலேருந்து சும்மா வந்து விழுகத எவனும் ஓடிப்போய் அடிப்பான். பந்து அவன்ட்ட வந்துதா, அவன் பந்துட்ட போனானா, எனக்கு எப்படித் தெரியும்?" அதைச் சொல்லும்போது ஓஸ்தாப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. ததேயுஸ் அந்தப் பக்கம் திரும்பித் தன் மூட்டைத் தடவிக்கொண்டான்.

பிறகு ஸ்தனிஸ்லாஸ் மெதுவாக இன்னொன்று கேட்டான். "பந்து வந்தா ஆட்டம் முடியும். முடிஞ்சா நீங்க போணும். இல்லையா?"

ஓஸ்தாப் இத்தனை நாளும் முதல் பாதியை மட்டுமே நினைத்திருந்தான். அன்று இரண்டாம் பாதியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகும் அவன் அண்ணாந்துதான் பார்த்தான், ஆனால் பந்து வர வேண்டும் என்று பார்க்கிறானா வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறானா என்பது அவனுக்கே குழப்பமாகிவிட்டது. தரகர் அவ்வப்போது போனில், மாலத்தீவு பறிபோய்விட்டது, இப்போது மங்கோலியாவில் பேசிவைத்திருக்கிறேன், பந்து கண்ணில் பட்டதும் சொல் என்பார். சொல்லுகேன் என்று ஊர்த் தமிழிலேயே பதில் சொல்லி அவரைக் கலவரப்படுத்துவான்.

ஒரு நாள் மழை விட்ட காலையில், நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்த பிரிஜித்தாதான் முதலில் பார்த்தாள். வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பருந்தாக இருக்கும் என்று குனிந்தாள், மறுபடி பார்த்தாள், புள்ளி அதே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டிருந்தது. "வருகுடே!" என்று அவள் போட்ட சத்தத்தில் இரண்டு ஊர்க் கோயிலிலும் மணி அடித்தார்கள். கடலில் இருந்தவர்களை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள், படகுகள் வலையைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்து கரையேறின, நனைந்த கைலியோடு ஓடிவந்தவர்கள் கோட்டோரத்தில் நின்று கை காட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். நெத்திலியை அள்ளினார்கள், காயப் போட்ட மீன் வலைகளை உருவினார்கள், கோல்கீப்பர் மகளை அவள் அம்மாவிடம் வேலிக்கு மேலாகக் கொடுத்தான். பங்குச் சாமியார்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தரகரின் காரும் வந்து நின்றது, யார் சொன்னார்களோ தெரியாது. ஞானாபரணம் மாஸ்டர், இதற்குள் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டவர், விசிலைச் சட்டைத் துணியில் துடைத்து வாயில் கவ்விக்கொண்டார். இருபத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

பந்து பகல் முழுக்க இறங்கியது. ஓஸ்தாப் கார்னர் கொடிப் பக்கத்தில் நின்று பார்த்தான். இத்தனை வருஷமாக மேலே ஏறுகிற பந்தை மட்டுமே பார்த்தவனுக்கு, இறங்குகிற பந்து எவ்வளவு அழகு என்று அன்றுதான் தெரிந்தது. தையல்கூடத் தெரிய ஆரம்பித்தது. அப்புறம்தான் அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது, சந்தேகம் உறுதியாயிற்று. பந்து ததேயுஸின் தலைக்கு வரவில்லை. அவன் அசைந்தால் எட்டுகிற இடத்துக்கும் வரவில்லை. கிட்டத்துக் கம்பத்துக்கு இந்தப் பக்கமே, கோட்டுக்கு வெளியே, தென்னந்தோப்புப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

மோசமான பந்து. ரொம்ப மோசமான பந்து. பள்ளிக்கூடத்துப் பையன்கூட அப்படி அடிக்க மாட்டான்.

மைதானத்தில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. ஓஸ்தாப் பக்கம் யாரும் திரும்பவில்லை, அந்த மரியாதைதான் அவனை ரொம்ப வதைத்தது. பந்து வெளியே விழும், மாஸ்டர் ஊதுவார், கோல் இல்லாமல் ஆட்டம் முடியும், இவனுக்காகவா இத்தனை காலம் உட்கார்ந்திருந்தோம் என்று இரண்டு ஊரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும், அவன் காரில் ஏற வேண்டும். ததேயுஸ் தேய்ந்த மூட்டோடு ஓடிப் பார்த்தான், இரண்டு எட்டில் விழுந்துவிட்டான். மாஸ்டரின் கன்னம் உப்பியது.

அப்போது ஸ்தனிஸ்லாஸ் ஓடினான். அவன் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அவன் தடுப்பாளன், எதிர் ஊர்க்காரன், வெளியே போகிற பந்தை அதன்பாட்டுக்குப் போக விட்டால் அவன் வேலை முடிந்தது. கோட்டை ஒட்டித் துள்ளி எழுந்து, கழுத்தை நீட்டி, நெற்றி ஓரத்தால் பந்தை ஒரு தட்டுத் தட்டி வெளியே அனுப்பிவிட்டு, கோல் கம்பத்தில் மோதிக் கீழே விழுந்தான்.

பந்து தோப்புக்குள் உருண்டு போய் நின்றது.

"கார்னர்," என்றார் ஞானாபரணம் மாஸ்டர், விசில் கவ்விய வாயோடு. கிடைத்த கார்னரை அடிக்க விடாமல் ஆட்டத்தை முடிக்கிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை.

கூட்டாந்துறைக் கோல்கீப்பர் ஓடிவந்து ஸ்தனிஸ்லாஸை உலுக்கினான். "லே, வெளிய போற பந்த எவன்லே ஒன்னத் தொடச் சொன்னது?"

"கோலுக்கு வாற மாதிரி இருந்து," என்றான் ஸ்தனிஸ்லாஸ், மணலைத் துப்பிக்கொண்டே. "ரொம்ப வெசமான பந்து. நான் தட்டலன்னா ததேயுஸ் மாமன் போட்டிருப்பாரு."

அது பச்சைப் பொய் என்று மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். கோல்கீப்பர் வாயைத் திறந்தான், வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்டாட்டியையும் மகளையும் பார்த்தான், கடல் பக்கம் இரண்டு ஊர்ப் படகுகளும் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். "ஆமா, வெசமான பந்துதான்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அந்தப் பக்கம் கூடியிருந்த கூட்டாந்துறைக்காரர்களும், ஆமாம், தப்பித்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தோப்பிலிருந்து பந்தை எடுத்துவந்து ஓஸ்தாப்பின் கையில் கொடுத்தார்கள். கார்னர் இடது பக்கத்துக்கே வாய்த்திருந்தது, அவன் குடிசை வாசலில். பந்து ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி ஜில்லென்று இருந்தது. "இது போதும், தரையோடு தள்ளிவிட்டு வா, விமானத்துக்கு நேரமாயிற்று!" என்று தரகர் காரிலிருந்து கத்தினார். ஓஸ்தாப்புக்கும் அது தெரியும். தரையோடு உருட்டினால் பந்து அந்தரத்தில் இருக்காது, மாஸ்டர் ஊதிவிடுவார். பந்து இறங்குவதைப் பார்த்தாயிற்று, அது ஒரு தலையில் பட்டதையும் பார்த்தாயிற்று. அந்தத் தலை எந்த அணித் தலையாக இருந்தால் என்ன. அவன் வந்த காரியம் முடிந்தது.

கோலுக்கு முன்னால் ததேயுஸ் மணலிலிருந்து தட்டுத் தடுமாறி எழுந்து நின்றான். எத்தனையோ வருஷமாக ஒரு கோலுக்காக நின்றவன், இனிமேல் ஓடுவதற்கு மூட்டு இல்லாதவன், கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினான்.

"மக்கா! நல்லா ஒசரமாப் போடுலே! எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல!"

ஓஸ்தாப் அழுதான், சிரித்தான், கொடிக்குப் பின்னால் போய் ஓடிவந்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் காலில் இறக்கித் தூக்கி அடித்தான். பந்து ஏறியது, தென்னைக்கு மேலே, கோபுரத்துக்கு மேலே, பருந்துக்கும் மேலே. இரண்டு ஊரும் கழுத்து வலிக்கும் வரை பார்த்தது. அப்புறம் மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார், கடலுக்குப் போக வேண்டிய நாலு நாலு பேர் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள், பெண்கள் நெத்திலியை மறுபடியும் நடு வட்டத்தில் பரப்பினார்கள். தரகர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் மணலில் புதைத்துக்கொண்டு, தள்ள ஆள் தேடினார்.

"சோறு ஆறுகு!" என்று பிரிஜித்தா கோட்டோரத்தில் நின்று கரண்டியால் சட்டியைத் தட்டினாள். "மீன் தல ஒண்ணுதான் இருக்கு, மொதல்ல வாறவனுக்கு!"

ததேயுஸ் நொண்டிக்கொண்டே ஓடினான், ஸ்தனிஸ்லாஸ் அவனை ஒட்டிக்கொண்டே ஓடினான், ஓஸ்தாப் தரையையும் சட்டியையும் மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரையும் முந்துவதற்காக இடது ஓரமாக ஓடினான்.